வாசகர் கேள்வி – பதில்: கிராமத்து பாப்டிஸ்ட் சபையின் டீக்கன்

கேள்வி: அமெரிக்கத் தென் மாநிலங்களிலிருந்து வரும் மரண அறிவிப்புகளில் "40 ஆண்டுகள் டீக்கனாக இருந்தார்" என்று பெருமையாகப் போடுகிறார்கள். நம் சி.எஸ்.ஐ. சபைகளில் டீக்கன் என்பது ஆயராவதற்கு முந்தைய படி. இவர்கள் ஏன் கடைசிவரை டீக்கனாகவே இருக்கிறார்கள்?

பதில்: பெயர் ஒன்று, பொறுப்பு வேறு. பாப்டிஸ்ட் டீக்கன் ஆயராகப் போகிறவர் அல்ல. சம்பளம் வாங்காத சபையார். வாரநாட்களில் பருத்திக் காட்டிலோ மர அறுவை ஆலையிலோ இருப்பவர். பாப்டிஸ்ட் சபைகளுக்கு மேலே பிஷப் கிடையாது. ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே முடிவு செய்யும். அதனால் டீக்கனைச் சபையாரே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரம்தான் அளவுகோல்: இருநாக்கு கூடாது, குடி கூடாது, பண ஆசை கூடாது, சொந்த வீட்டை ஒழுங்காக நடத்த வேண்டும். பக்கத்துச் சபைகளின் போதகர்களும் டீக்கன்களும் வந்து விசுவாசத்தைப் பற்றி விசாரித்த பிறகு, தலைமேல் கைவைத்து ஜெபித்து ஏற்படுத்துவார்கள். இது பொதுவாக ஆயுளுக்கு ஒரே முறைதான்.

பெரிய சபைகள் சிலவற்றில் 3 ஆண்டு பணி, ஓராண்டு ஓய்வு என்று முறை வைக்கிறார்கள். கிராமத்தில் அது நடக்காது, மாற்றுவதற்கு ஆள் இல்லை. முன்பு அங்கே ஒரே போதகர் நான்கு சபைகளைப் பார்ப்பார். ஒரு சபைக்கு மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற நாட்களில் சபையைத் தாங்கியவர் டீக்கன்தான். போதகர்கள் வருவார்கள், வேறு சபைக்குப் போவார்கள். டீக்கன் அதே ஊர்க்காரர். அந்த 40 ஆண்டுக்கு இருக்கும் மரியாதை அதனால் வருவது.

கேள்வி: அவர் அப்படி என்னதான் செய்கிறார்?

பதில்: அப்போஸ்தலர் 6-இல் ஏழு பேர் நியமிக்கப்பட்டதே விதவைகளின் பந்திவிசாரணைக்காக, அதாவது அன்றாட உணவுப் பங்கீட்டைக் கவனிப்பதற்காகத்தான். இன்றும் மையம் அதுவே. பல சபைகளில் ஒரு டீக்கனுக்கு 10 முதல் 15 குடும்பங்கள் பொறுப்பு: யார் ஆஸ்பத்திரியில், எந்த வீட்டில் விறகு தீர்ந்தது, யார் மூன்று வாரமாக ஆராதனைக்கு வரவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திருவிருந்து ஏற்பாடும் அவர் கையில். புளிப்பில்லா அப்பத்துக்கு 1 கப் மாவு, கால் டீஸ்பூன் உப்பு, 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய், 3 அல்லது 4 டேபிள்ஸ்பூன் தண்ணீர். மெல்லியதாக விரித்து, அடுப்பில் வைக்கும் முன்பே கத்தியால் சிறு சதுரங்களாகக் கோடிட்டு, முள்கரண்டியால் குத்த வேண்டும். குத்தாவிட்டால் உப்பிவிடும், கோடிடாவிட்டால் உடைக்கும்போது தூளாகும். 200 டிகிரி செல்சியஸில் 10 முதல் 12 நிமிடம் போதும். சாறு புளிக்காத திராட்சைச் சாறு. 1869-இல் தாமஸ் வெல்ச் அதைச் சூடாக்கிப் புளிக்காமல் பாதுகாக்கக் கற்ற பிறகு அங்கே பரவிய வழக்கம் இது. வழக்கமான தட்டில் 40 சிறு கிண்ணங்கள். முக்கால் பங்குக்கு மேல் ஊற்றினால் வரிசையில் கைமாறும்போது சிந்தும். சனிக்கிழமை இரவே ஊற்றி வைத்தால் பழ ஈ மொய்க்கும். ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்பு ஊற்றுவதே சரி.

முழுக்கு ஞானஸ்நானம் ஓடையில் நடந்தால், போதகருக்கு முன்பே நீண்ட கோலுடன் தண்ணீரில் இறங்குபவர் டீக்கன். இடுப்பளவு ஆழம் எங்கே, அடியில் சேறா மணலா, குழி உண்டா என்று குத்திப் பார்த்து இடம் குறிப்பார். ஆலயத்துக்குள்ளேயே தொட்டி இருந்தால் ஆபத்து வேறு மாதிரி. தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டரை ஆள் இறங்கும் முன் மின் இணைப்போடு துண்டிக்க வேண்டும்; கம்பியுள்ள மைக்கை யாரும் தொடக்கூடாது. 2005-இல் டெக்சாஸின் வேக்கோ நகரில் தொட்டிக்குள் நின்றபடி மைக்கைப் பிடித்த போதகர் மின்சாரம் தாக்கி இறந்தார். இதைச் சரிபார்ப்பதும் ஊழியம்தான், ஜெபத்துக்கு ஒரு படி கீழே வைக்கத் தேவையில்லை.

கறுப்பின மக்களின் பாப்டிஸ்ட் சபைகளில் இன்னொரு பொறுப்பும் உண்டு. ஆராதனைக்கு முந்தைய துதிவேளையை டீக்கன்களே நடத்துவார்கள். பாட்டின் ஒரு வரியை டீக்கன் வேகமாகச் சொல்ல, சபையார் அதையே மெதுவாக, இழுத்து இழுத்துப் பாடுவார்கள். பாட்டுப் புத்தகம் கிடைக்காத, எழுத்தறிவு மறுக்கப்பட்ட காலத்தில் நிலைத்த முறை அது. நல்ல குரலைவிட நல்ல ஞாபகம் வேண்டும்.

கேள்வி: டீக்கன் இறந்தால் அவர் இருக்கையில் கறுப்புத் துணி போடுவது ஏன்?

பதில்: துக்க அடையாளம். எல்லாச் சபையிலும் இல்லை. சில சபைகளில் சில வாரங்கள் யாரும் அங்கே உட்கார மாட்டார்கள். அடக்க ஆராதனையில் சக டீக்கன்கள் ஒன்றாக அமர்வார்கள் அல்லது பெட்டியைச் சுமப்பார்கள். சபையின் இரங்கல் தீர்மானத்தைச் செயலர் வாசிப்பார். ஒரு பிரதி குடும்பத்துக்கு, ஒரு பிரதி சபைப் பதிவேட்டுக்கு. தீர்மானம் எழுதுகிறவர்கள் "உத்தமர், தியாகி" என்று அடுக்காமல் அவர் செய்த வேலைகளை எழுதட்டும். குடும்பத்துக்குப் பிற்காலத்தில் அதுதான் பயன்படும்.

கேள்வி: அதன்பின் சபை உடனே கவனிக்க வேண்டியது?

பதில்: கிராமத்தில் டீக்கனே பெரும்பாலும் சொத்துப் பொறுப்பாளர், பத்திரத்தில் அவர் பெயர் இருக்கும். மாற்றுப் பொறுப்பாளரைச் சபைக் கூட்டத்தில் வாக்களித்துத் தேர்ந்தெடுத்து, நடவடிக்கைக் குறிப்பில் ஏற்ற வேண்டும். செயலர் கையொப்பமிட்ட அந்தக் குறிப்பின் நகல் இல்லாமல் வங்கியில் கையெழுத்தை மாற்றுவது கடினம். சொத்தை விற்கவோ கடன் வாங்கவோ போகும்போதும் அங்கேதான் சிக்கும். காணிக்கையை எப்போதும் இருவர் சேர்ந்து எண்ணி, இருவரும் கையொப்பமிட வேண்டும். இறந்தவர் தனியாக எண்ணி வந்திருந்தால், அவர் நேர்மையை யாரும் சந்தேகிக்காதபோதே முறையை மாற்றுங்கள்.

அவர் பார்த்துவந்த குடும்பங்களை அந்த வாரமே மற்ற டீக்கன்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். அவர் மனைவியின் பெயரையும் அந்தப் பட்டியலில் சேருங்கள், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். சாவிகள், பெட்டக எண், காப்பீட்டுத் தவணைத் தேதி, கல்லறைத் தோட்ட வரைபடம் எல்லாம் பெரும்பாலும் அவர் தலைக்குள்தான் இருந்திருக்கும். வரைபடம் இல்லையென்றால் ஊர்ப் பெரியவர்கள் இருக்கும்போதே கல்லறைகளை வரிசைவாரியாக நடந்து குறித்து வையுங்கள். இல்லையெனில் அடுத்த குழியைத் தோண்டும்போது பெயர்ப்பலகை இல்லாத பழைய பெட்டி ஒன்றின் மேல் மண்வெட்டி படும்.