மாட்டுக்குப் பெயர் வைத்தால் பால் கூடுமா?

"பெயர் சொல்லி அழைக்கப்படும் பசு கூடுதலாகப் பால் தரும் என்று விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்களாமே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அண்மையில் கறவை மாடு ஒன்றை வாங்கிவிட்டுப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். தாராளமாக வையுங்கள், ஆனால் பெயரை நம்பிப் புண்ணாக்கைக் குறைத்துவிடாதீர்கள்.

நீங்கள் குறிப்பிடுவது இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கத்தரின் பெர்ட்டன்ஷா, பீட்டர் ரௌலின்சன் ஆகிய இருவரின் ஆய்வு. முதலில் சிரிக்கவைத்துப் பின்னர் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2009இல் அதற்குக் கிடைத்தது. அவர்கள் எந்த மாட்டையும் கறந்து பார்க்கவில்லை. 516 பண்ணையாளர்களிடம் வினாக்கொத்து மூலம் விசாரித்தார்கள். பெயர் சொல்லி அழைக்கும் பண்ணைகளில் பசு ஒன்றுக்கு ஆண்டில் 258 லீட்டர் கூடுதலாகக் கிடைத்தது. நாள் கணக்கில் பார்த்தால் அது ஒரு லீட்டருக்கும் குறைவு. பெயர் வைக்கிற மனிதர் மாட்டை அடிக்காதவராகவும், நேரத்துக்குத் தீனி போடுபவராகவும் இருக்கக்கூடும் என்பதால், கூடிய பாலுக்குக் காரணம் பெயரா ஆளா என்பதை வினாக்கொத்தை மட்டும் கொண்டு பிரித்தறிய முடியாது.

அதைப் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு, விரும்பாமலேயே, இலங்கையில் ஹட்டனுக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்தது. எங்களிடம் மல்லி என்றொரு ஜேர்சிக் கலப்புப் பசு இருந்தது. அதிகாலையில் அம்மா கறந்து வைத்துவிட்டுத்தான் கொழுந்தெடுக்கப் போவார். அவர் அறுவைச் சிகிச்சைக்காக இரண்டு வாரம் வைத்தியசாலையில் இருந்தபோது அப்பா கறக்கத் தொடங்கினார். ஐந்து லீட்டர் தந்த மாடு இரண்டோடு நின்றுவிட்டது. வாளியையும் இரண்டு முறை உதைத்துத் தள்ளியது. அப்பா அதற்கு முன்பு மல்லியைக் கோலால் விரட்டிப் பட்டியில் அடைப்பவர் என்பதை இங்கே மறைக்கக் கூடாது.

பக்கத்து லயத்துக் கிழவி ஒருவரின் யோசனைப்படி, அம்மா மழைக்குப் போர்த்திக்கொண்டு மலைக்குப் போகும் கறுப்புக் கம்பளியை அப்பா தலையில் போட்டுக்கொண்டு, அம்மாவைப் போலவே "மல்லி, மல்லி" என்று அழைத்தபடி உட்கார்ந்தார். பால் இறங்கியது. அப்பா எதையும் எளிதில் நம்பாதவர். ஆகவே இரண்டு நாள் கம்பளியோடு வாயைத் திறக்காமல் கறந்தார். அடுத்த இரண்டு நாள் கம்பளி இல்லாமல் பெயரை மட்டும் சொல்லிக் கறந்தார். முதல் இரண்டு நாளும் நான்கு லீட்டருக்குக் குறையவில்லை. மற்ற இரண்டு நாளும் பழைய கதைதான், உதை உட்பட.

ஒரேயொரு மாட்டை வைத்து முடிவு சொல்லலாமா என்று கேட்கப் போகிறவர்களுக்கு: சொல்லக் கூடாது என்பது எனக்கும் தெரியும். எனினும் இதற்கு உடலியல் விளக்கம் இருக்கிறது. பால் இறங்குவதற்கு ஒக்சிடோசின் என்ற ஹோர்மோன் வேண்டும். பயந்த மாட்டின் உடலில் சுரக்கும் அட்ரினலின் அதைத் தடுக்கிறது. 1999இல் ஜெஃப்ரி ரஷனும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், முன்பு தம்மைக் கடுமையாக நடத்திய ஆள் அருகில் நின்றபோது, கறந்த பின்பும் பசுக்களின் மடியில் தங்கிவிட்ட பால் 70 வீதம் கூடியிருந்தது.

அப்படித் தங்கிவிடும் கடைசிப் பாலில்தான் கொழுப்பு அதிகம். இதை அன்று அறிந்திருந்தால் அப்பா அவமானப்பட்டிருக்க மாட்டார். அந்த நாட்களில் பால் சேகரிக்கும் இடத்தில் எங்கள் பாலின் கொழுப்பு குறைவு என்று விலையை வெட்டியதோடு, தண்ணீர் கலந்திருக்கிறோம் என்றும் வரிசையில் நின்ற எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்கள். தண்ணீர் கலந்தால், பாலின் அடர்த்தியை அளக்கும் பால்மானியின் அளவு இறங்கியிருக்க வேண்டும், அது இறங்கவில்லை. அதை எடுத்துச் சொன்ன அப்பாவுக்குக் கிடைத்த பதில், "தோட்டத்து ஆட்களுக்கு இதெல்லாம் விளங்காது" என்பது. ஆய்வுக்குப் பரிசு கொடுத்தவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. மாட்டின் பயத்தை மனிதனின் திருட்டாகக் கணக்கெழுதியவர்கள் மீதுதான் இன்னும் ஆறவில்லை.

அம்மா வீடு திரும்பி மறுபடி கறக்கத் தொடங்கியதும் கொழுப்பு பழைய அளவுக்கு ஏறியது. நாங்கள் திருந்திவிட்டதாக அந்த மனிதர் அப்பாவைப் பாராட்டினாராம்.