சாயங்காலம் ஆனால் அடி இறங்குகிறதா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறேன். வயது 52. மூன்றும் சுகப்பிரசவம். மாதவிலக்கு நின்று இரண்டு வருடம். வேலை முடிந்தால் அடியில் பந்து மாதிரி இறங்குகிறது, படுத்தால் போய்விடுகிறது. இருமினால் சிறுநீர் கசிகிறது. கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு அந்த முடிவுக்குப் போகாதீர்கள். நீங்கள் சொல்வது கர்ப்பப்பை இறக்கமாக இருக்கலாம். இடுப்பின் அடியில் தூளி கட்டியதுபோல் தசைகள் இருக்கின்றன. பிரசவத்தில் அவை நைந்துபோகும். மாதவிலக்கு நின்றபின் சுவர் மெலியும். அதன்மேல் நீங்கள் தம் கட்டிச் சாக்கைத் தூக்கும் பாரமும் விழுகிறது. படுத்ததும் உள்ளே போவதால், தசைப் பயிற்சிக்குப் பலன் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

சிறுநீரையும் வாயுவையும் சேர்த்து அடக்குவதுபோல் உள்ளே, மேலே இழுங்கள். 6 முதல் 8 நொடி பிடித்து, அதே அளவு நேரம் தளர விடுங்கள். 8 முதல் 12 தடவை, நாளைக்கு 3 வேளை. முதலில் 3 நொடிதான் முடிகிறதென்றால் அதுவே போதும்.

பலர் இழுப்பதாக நினைத்து முக்குகிறார்கள். அது இறக்கத்தைக் கூட்டும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, கைக்கண்ணாடியில் பாருங்கள். பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள இடம் உள்ளே சுருங்க வேண்டும். வெளியே பிதுங்கினால் தவறு. மூச்சை அடக்காதீர்கள், தொடையை இறுக்காதீர்கள். சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகவும் வேண்டாம். இருமலோ தும்மலோ வரும் முன்பே ஒருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள், கசிவு குறையும். பலன் தெரிய மூன்று, நான்கு மாதம் ஆகும்.

சாக்கைப் பாதி நிரப்பி இரண்டு நடையாகத் தூக்குங்கள். தூக்கும்போது தசையை இறுக்கி மூச்சை வெளியே விடுங்கள். மலச்சிக்கலை வளரவிடாதீர்கள்.

1 ரிங்கிட் கட்டணத்தில் அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் காட்டலாம். "சிறுநீர் கசிகிறது" என்று மட்டும் சொன்னால் கிருமித்தொற்றுக்குச் சோதித்து அனுப்பிவிடக்கூடும். கூச்சப்படாமல் "கீழே இறங்குகிறது" என்றே சொல்லி, பெண்கள் நோய் நிபுணருக்கும் பிசியோதெரபிக்கும் கடிதம் கேளுங்கள். சிலிகான் வளையம் ஒன்றை உள்ளே பொருத்தித் தாங்கவைக்கலாம், வேலைக்கும் போகலாம். டாக்டர் சொல்லும் இடைவெளியில், பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, காட்ட வேண்டும். துர்நாற்றம் வீசினால் உடனே போங்கள். அறுவைச் சிகிச்சை இதற்கெல்லாம் அப்புறம். கர்ப்பப்பையை எடுத்தாலும் தளர்ந்த சுவரைச் சேர்த்துத் தூக்கிக் கட்டாவிட்டால் மறுபடி இறங்கலாம்.

சிறுநீரே வராமல் அடைத்துக்கொண்டாலோ, இறங்கியது உள்ளே போகாமல் வலித்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.