சர்க்கரை மாத்திரைக்குக் காசு வாங்கலாமா?

கேள்வி: என் மாமியாருக்குச் சர்க்கரை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் விசேஷ வீட்டில் கந்தரப்பம், பால் பணியாரம் எதையும் விடமாட்டார், நடக்கவும் மாட்டார். "உடம்பைப் பார்த்துக்கொள்ளாதவர்களுக்கு எதற்கு இலவசம்? காசு வாங்கினால்தான் புத்தி வரும்" என்கிறார் என் கணவர். சரிதானே ஆச்சி?
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: சரியில்லை அம்மா. காரைக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் நர்ஸாக வேலை பார்த்தவள் என்பதால் அடித்தே சொல்கிறேன். காசு வாங்கினால் கந்தரப்பம் குறையாது, மாத்திரைதான் குறையும். கையில் பணமில்லாத மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவார்கள். அப்புறம் சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை டயாலிசிஸுக்கு வந்து படுப்பார்கள். அந்தச் செலவும் பெரும்பாலும் அரசாங்கத்தின் தலையில்தான். நடுவில் யாரும் மருந்தை விட்டுவிடக் கூடாது என்றுதான் 2021 ஆகஸ்டில் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்தார்கள்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு வெறுங்காலோடு நடந்து வந்தவர்களின் பாதங்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். நாள்பட்ட சர்க்கரையில் கால் நரம்பு மரத்துப்போயிருக்கும். பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து சீழ் வைத்திருக்கும். "வலியே இல்லையே ஆச்சி" என்பார்கள். வலிக்காததுதான் ஆபத்து. 'செருப்பில்லாமல் ஏன் நடந்தாய், போ' என்று அவர்களை விரட்ட முடியுமா? முதலில் புண்ணைக் கழுவிக் கட்டுவோம். கட்டிக்கொண்டே, தினமும் ராத்திரி பாதத்தைப் பார்க்கச் சொல்லிக்கொடுப்போம். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்து அதில் பார்க்கலாம். அதை அவர்கள்தான் செய்தாக வேண்டும். எந்த ஆஸ்பத்திரியும் வீட்டுக்கு வந்து செய்யாது.

உங்கள் மாமியாரையும் நான் சும்மா விடப்போவதில்லை. அவருடைய மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். போன மாத அட்டை பாதி மீந்திருந்தால், "சர்க்கரை இறங்கிருச்சு, அதான் நிறுத்திட்டேன்" என்பார். மாத்திரை போட்டதால் இறங்கியது. நிறுத்தினால் மறுபடி ஏறும். இன்னொரு வழக்கம், ரத்தம் கொடுக்கப் போகுமுன் இரண்டு நாள் வாயைக் கட்டுவது. மூன்று மாதச் சராசரி பார்க்கும் பரிசோதனையில் அது எடுபடாது.

வெயிலில் போகச் சொல்ல வேண்டாம், வளவுக்குள்ளேயே சாயந்திரம் அரை மணி நேரம் சுற்றி நடக்கட்டும். கூட யாராவது பேசிக்கொண்டு நடந்தால் நடப்பார். வீட்டில் எல்லாருக்கும் பணியாரம் சுட்டு அடுக்கிவிட்டு அவரை மட்டும் தொடாதே என்றால் எந்த மனுஷியால் முடியும்? வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணின் விழித்திரையையும் பார்த்துவிடுங்கள். பார்வை நன்றாகத் தெரியும்போதே பார்க்க வேண்டும்.

உங்கள் கணவருக்கு 30 வயது தாண்டியிருக்குமே. அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். அவரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் ரத்தம் பாருங்கள். அங்கே அதற்கும் காசு கிடையாது.