பாக்டீரியா பொடி வாங்கலாமா?

கேள்வி: பேர்ணாம்பட்டில் ஒரு தோல் ஆலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பைப் பார்த்துக்கொள்கிறேன். எம்.பி.ஆர். (பாக்டீரியாத் தொட்டியும் வடிகட்டும் சவ்வும் சேர்ந்த அமைப்பு) மெம்பிரேனை, அதாவது அந்தச் சவ்வை, முன்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும். இப்போது மூன்றே வாரத்தில் அடைத்துக்கொள்கிறது. அம்மோனியாவும் குறையவில்லை. பாக்டீரியா பொடி போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: இப்போதைக்குப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். சாதாரணக் காற்றூட்டத் தொட்டியில் லிட்டருக்கு 3,000, 4,000 மில்லிகிராம் ஸ்லட்ஜ் (பாக்டீரியா நிறைந்த சேறு) இருக்கும். எம்.பி.ஆரில் 8,000 முதல் 12,000 வரை வைத்து ஓட்டுகிறோம். மெம்பிரேனின் துளை அரை மைக்ரானுக்கும் கீழே, அதனால் பாக்டீரியா தப்பிப் போகவும் வழியில்லை. உங்கள் தொட்டியில் ஆள் குறைவில்லை, இருப்பவை தவிக்கின்றன என்றே நினைக்கிறேன். தவிக்கும் பாக்டீரியா கொழகொழவென்று ஒரு பசையை விடும். மெம்பிரேனை அடைப்பது பெரும்பாலும் அதுதான்.

அம்மோனியாவைத் தின்பவை மெதுவாகப் பெருகும் இனம். சல்பைடோ குரோமோ கூடினால் முதலில் படுப்பவை அவைதான். எனவே முதலில், தோலின் முடியை நீக்கும் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து சல்பைடோடு வரும் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். அதைத் தனியாகப் பிடித்து, மாங்கனீஸ் சல்பேட் சேர்த்துக் காற்றடித்து, சல்பைடு அடங்கிய பிறகே மற்ற தண்ணீருடன் கலக்க வேண்டும். அதற்கு முன் அமிலம் பட்டால் அழுகிய முட்டை நாற்றத்தோடு வரும் வாயு ஆளையே கொன்றுவிடும். தோல் பதனிட்ட குரோம் தண்ணீரும் தனி வழியில் மீட்புக்குப் போகட்டும்.

அப்புறம் காரத்தன்மை. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 7 கிராம் காரத்தன்மை செலவாகும், அது தீர்ந்தால் பி.எச். சரியும். கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போகக் கூடாது. தோல் கழிவுநீரில் பாஸ்பரஸ் பெரும்பாலும் பற்றாது. அந்தக் குறையினாலும் பசை கூடும், ஆகவே ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

தினமும் காலையில் ஒன்று செய்யுங்கள். மடித்த வடிதாளில் 50 மில்லி ஸ்லட்ஜை ஊற்றி, ஐந்து நிமிடத்தில் எவ்வளவு தண்ணீர் இறங்குகிறது என்று குறித்து வையுங்கள். நல்ல ஸ்லட்ஜில் தெளிந்த நீர் விறுவிறுவென்று சொட்டும். பசை கூடினால் தாளின் மேல் கஞ்சி போல நிற்கும். மெம்பிரேன் அழுத்தம் ஏறும் முன்பே இது காட்டிக்கொடுத்துவிடும்.

இதையெல்லாம் சரிசெய்தும் தேறாவிட்டால், நன்றாக ஓடும் தோல் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றிலிருந்து ஸ்லட்ஜ் கொண்டுவந்து விடுங்கள். அந்தப் பாக்டீரியா நம் ஊர் உப்புக்குப் பழகியது, பொடியைவிட அதையே நான் நம்புவேன்.

உப்பை மட்டும் எம்.பி.ஆரிடம் எதிர்பார்க்காதீர்கள். கரைந்த உப்பு மெம்பிரேனைத் தாண்டிப் போகும், அதற்கு ஆர்.ஓ. வேண்டும். உப்பிட்ட தோலை ஊறவைத்த தண்ணீரை ஆவியாக்கும் பாத்திக்கே அனுப்புங்கள். பாலாற்று மணலுக்குக் கீழே உப்பு இறங்கிக் கிணறுகள் கெட்டதை நாம் பார்த்தவர்கள்தானே.

மெம்பிரேன் கழுவும்போது பசைக்கு ஹைப்போகுளோரைட், சுண்ணாம்புப் படிவுக்குச் சிட்ரிக் அமிலம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஒன்று முடிந்ததும் நல்ல தண்ணீரில் நன்றாக அலசிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும்.