கடந்த சில ஆண்டுகளில் உங்கள் உறவுகள், இறைநம்பிக்கை, அன்றாட வழக்கம் ஆகியவற்றில் என்ன மாறியிருக்கிறது?

நான் திருநெல்வேலியில் சைவக் குடும்பம் ஒன்றில் பிறந்தவள்; என் கணவர் தூத்துக்குடியைச் சேர்ந்த கத்தோலிக்கர். 2000ஆம் ஆண்டில் மணந்துகொண்டோம், இருவரும் மதம் மாறவில்லை. 2017இல் மாமனார் இறந்து, அத்தை (கணவரின் தாய்) பாளையங்கோட்டையில் எங்களோடு வந்து தங்கிய பிறகு, நீங்கள் கேட்டிருக்கும் மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே மாறின. ஆகவே அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து எழுத எனக்கு வராது. கலப்புமண வீடுகளில் சண்டை கடவுளைப் பற்றி நடக்கும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது அடுப்பைப் பற்றியும், மாலை ஆறு மணியைப் பற்றியும், யார் எந்தச் சடங்கில் எங்கே நிற்கலாம் என்பதைப் பற்றியும்தான் நடந்தது.

முதலில் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் திருமணம் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி பதிவாளர் அலுவலகத்தில் நடந்தது. அச்சட்டப்படி முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப்பட்டு, ஆட்சேபணை தெரிவிக்க 30 நாள் அவகாசம் அளிக்கப்படும். நாங்கள் வீட்டில் சொல்வதற்குள் அந்தத் தாளைப் பார்த்துவிட்ட ஒருவர் வழியாக என் அப்பாவுக்குச் செய்தி போய்விட்டது. கத்தோலிக்கக் கோயிலில் மணம் முடிக்கவும் ஒரு வழி இருந்தது. திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறாத ஒருவரைக் கத்தோலிக்கர் மணப்பதற்கு ஆயரிடம் விதிவிலக்குப் பெறலாம். ஆனால் பிறக்கும் பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மால் இயன்றதெல்லாம் செய்வதாகக் கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்க வேண்டும். பிறக்காத பிள்ளைக்காக அப்படி வாக்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை, அவரும் வற்புறுத்தவில்லை. அதனால் பதிவுத் திருமணத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

அதன் விளைவை நான் அனுபவிக்கவில்லை, அவர்தான் அனுபவித்தார். திருச்சபையின் பார்வையில் அந்தத் திருமணம் செல்லாது என்பதால், பூசையில் குருவானவர் தரும் புனித அப்பமான நற்கருணையை அவர் வாங்க முடியாது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஞாயிறுதோறும் பூசைக்குப் போய், எல்லோரும் எழுந்து வரிசையில் செல்லும்போது அவர் மட்டும் பெஞ்சிலேயே அமர்ந்திருப்பார். தூத்துக்குடிக்குப் போகும் ஞாயிறுகளில், பக்கத்தில் இருக்கும் தாய்க்கு அது எத்தனை பெரிய அவமானம் என்பதை, அத்தை எங்களோடு வாழத் தொடங்கும் வரை நான் அறிந்திருக்கவில்லை. கணவரும் ஒருநாளும் அதைப் பற்றி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டதில்லை. அந்த விதி எனக்கு இன்றும் கடுமையாகவே படுகிறது. ஆனாலும் வாங்க முடியாது என்று தெரிந்தும் வாரம் தவறாமல் போய் உட்கார்ந்த ஒருவரை, நம்பிக்கை குறைந்தவர் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை என்பது என் கருத்து.

அத்தை வந்ததும் முதலில் மாறியது சமையலறை. தூத்துக்குடியில் கடற்கரைக்கு அருகிலேயே வாழ்ந்தவருக்கு மீன் இல்லாத சோறு நோயாளியின் சோறு. எங்கள் வீட்டில் அதுவரை மீன் சமைத்ததில்லை. கணவர் தம் ஊருக்குப் போகும்போது ஆசைதீரச் சாப்பிட்டுவிட்டு வருவார். முதல் சில மாதங்கள் அத்தை வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டின் அளவு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. பிறகு பின்கட்டில் தகரக் கூரை போட்டு, தனி எரிவாயு அடுப்பும், இரண்டு மண்சட்டிகளும், அவற்றுக்கென்றே ஓர் அரிவாள்மனையும் வாங்கி வைத்தோம். இந்த ஏற்பாட்டுக்கு நான் ஒப்புக்கொண்டதைப் பெருந்தன்மை என்று என் அலுவலகத் தோழிகள் பாராட்டினார்கள். ஒரு முதியவர் தாம் பிறந்தது முதல் உண்ட உணவை உண்பதற்கு வீட்டின் பின்புறம் போக வேண்டியிருந்தது என்ற கோணத்திலிருந்து பார்த்தால், பெருந்தன்மை யாருடையது என்பது அத்தனை தெளிவாக இல்லை. முழங்கால் வலியால் அத்தை சந்தைக்குப் போக முடியாமல் போன பிறகு மீன் வாங்கும் வேலை என்னிடம் வந்தது. செவுளைத் தூக்கிச் சிவப்புப் பார்ப்பது, கண் குழிந்திருந்தால் விட்டுவிடுவது, சாளையையும் நெத்திலியையும் காலையிலேயே வாங்கிவிடுவது என்று எல்லாம் பழகிவிட்டது. சாப்பிடுவதில்லை, சாப்பிடப் போவதுமில்லை.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கர்கள் இறைச்சியை விலக்குவார்கள், ஆனால் மீன் உண்ணத் தடையில்லை. இதை முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் எங்கள் வீட்டுக் கணக்கில் இரண்டும் ஒன்றே. அத்தை அந்த வெள்ளிகளில் மீனையும் தொடமாட்டார். பெரிய வெள்ளியன்று கஞ்சி மட்டுமே. பிறகு, யாரும் கேட்காமலேயே, ஐப்பசியில் நான் இருக்கும் கந்த சஷ்டி விரதத்தின் ஆறு நாட்களிலும் பின்கட்டு அடுப்பை மூடிவைத்தார். 2024இல் சஷ்டி தொடங்கிய நவம்பர் 2ஆம் தேதியே கல்லறைத் திருநாளாகவும் அமைந்தது. காலையில் விரதத்தைத் தொடங்கிவிட்டு, மாலையில் தூத்துக்குடிக்குப் போய் மாமனாரின் கல்லறையைக் கழுவிப் பூவைத்து மெழுகுவத்தி ஏற்றினேன். விரத நாளில் இடுகாட்டுக்குப் போகலாமா என்று என் அம்மா தொலைபேசியில் கேட்டார். போகலாமா கூடாதா என்று யோசிக்காமலேயே போய்விட்டு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

மாலை நேரத்தைப் பங்கிட்டுக்கொள்வது அடுப்பைவிடக் கடினமாக இருந்தது. நான் ஆறு மணிக்கு விளக்கேற்றித் திருநீறு பூசி இரண்டு பதிகங்கள் பாடுவேன். அத்தைக்கு அதே ஆறு மணி மூவேளைச் செபத்தின் நேரம். சிறிய வீட்டில் இரண்டு குரல்கள் ஒன்றோடொன்று மோதும்போது இருவருமே சற்று உரக்கச் சொல்லத் தொடங்குகிறோம் என்பதைக் கவனித்து, மகள்தான் சிரித்துக்கொண்டே சுட்டிக்காட்டினாள். நான் ஐந்தே முக்காலுக்கு மாறிக்கொண்டேன். ஏழு மணிக்கு அத்தை செபமாலை சொல்வார்; அதில் கிழமைக்கேற்ப இயேசு, மரியாள் வாழ்வின் நிகழ்ச்சிகளைத் தியானிப்பார்கள், அவற்றை மறைபொருள்கள் அல்லது தேவ இரகசியங்கள் என்பார்கள். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002இல் ஒளியின் மறைபொருள்களைச் சேர்த்து அவற்றை வியாழக்கிழமைக்கு என்று வைத்தார். அத்தை இன்னும் பழைய முறைப்படி வியாழனன்று சந்தோஷ தேவ இரகசியங்களையே தியானிக்கிறார். சிறுவயதில் இலத்தீன் மொழியில் பூசை கண்டவர் அவர், பிறகு அது தமிழுக்கு மாறியதையும் பார்த்தவர். ஒரு மாற்றத்தை ஏற்றுக்கொண்டேன், அடுத்ததற்கு எனக்கு வயதாகிவிட்டது என்று விளக்கம் சொல்வார். எனக்கு அந்த விளக்கம் மிகவும் பிடிக்கும்.

2020ஆம் ஆண்டின் ஊரடங்கு எங்களை வேறு விதமாக நெருக்கியது. மார்ச் இறுதியிலிருந்து கோயில்கள் எல்லாமே பக்தர்களுக்கு மூடப்பட்டன. ஏப்ரல் 12 அன்று வந்த உயிர்ப்புப் பெருவிழாவை (ஈஸ்டரை) அத்தை தொலைக்காட்சியின் முன் முக்காடிட்டு முழந்தாளிட முயன்று, முடியாமல் நாற்காலியில் அமர்ந்து கண்டார். அந்த ஆண்டு நெல்லையப்பர் கோயிலின் ஆனித் தேர் ஓடவில்லை. தூத்துக்குடியில் ஜூலை 26இல் கொடியேறும் பனிமய மாதா திருவிழாவுக்கும் மக்கள் போக முடியவில்லை. போக இடமில்லாத இரண்டு பெண்கள் ஒரே கூடத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தோம். அதுவரை எங்களுக்குள் மரியாதை இருந்தது. பேச்சு அந்த மாதங்களில்தான் வந்தது. மகன் நற்கருணை வாங்காததைத் தம் வளர்ப்பின் குறையாக நினைத்து, குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் பலமுறை சொல்லியிருப்பதாக ஒருநாள் கூறினார். என்மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன். “இருந்துச்சு தாயி, இல்லன்னு பொய் சொல்லக்கூடாதுல்லா” என்றார்.

2021இல் என் அப்பா இறந்தார். என் திருமணத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசாமல் இருந்ததில்லை. ஆனால் என் வீட்டுப் படி ஏறியதில்லை. தேவாரத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அவர் இருந்தவரை பதிகம் பாடும்போதெல்லாம் எனக்குள் ஏதோ ஒரு விண்ணப்பம் ஓடிக்கொண்டே இருந்தது, பெரும்பாலும் அவர் ஒருமுறை வந்துவிட்டுப் போக வேண்டும் என்பதாகவே இருந்தது. அவர் போன பிறகு கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. சில மாதங்கள் பாடுவதை நிறுத்தியிருந்தேன். திரும்பத் தொடங்கியபோது எதையும் கேட்காமல் பாட முடிந்தது, அப்படியே தொடர்கிறது. இதை நம்பிக்கை வளர்ந்ததாகச் சொல்வதா தேய்ந்ததாகச் சொல்வதா என்று தெரியவில்லை. வாரந்தோறும் நெல்லையப்பர் கோயிலுக்குப் போவது நின்று, கூட்டமில்லாத ஏதாவது ஒரு நாள் காலையில் அலுவலகத்துக்கு முன் காந்திமதி அம்மன் சந்நிதியில் சற்று நேரம் நின்றுவிட்டு வருவதாக மாறியிருக்கிறது.

அடுத்த ஆண்டில் நானே கணவரிடம் கத்தோலிக்கக் கோயில் திருமணத்தைப் பற்றிப் பேசினேன். அதற்குள் மகளுக்குப் பதினெட்டு வயது கடந்துவிட்டிருந்தது. பிள்ளைகளைப் பற்றிய அந்த வாக்குக்கு இனி என்ன பொருள் என்று பங்குத்தந்தையிடம் கேட்டபோது, அவள் தன் முடிவைத் தானே எடுக்கும் வயதுக்கு வந்துவிட்டாள் என்று அவர் தயங்காமல் சொன்னார். ஆயரின் விதிவிலக்கு வந்தபின், 2022 மே மாதத்தில், இரண்டு சாட்சிகள் முன்னிலையில், பூசை இல்லாமல், எளிமையாகச் சடங்கு நடந்தது. நான் மதம் மாற வேண்டியிருக்கவில்லை. நெற்றியில் திருநீறோடுதான் நின்றேன். அதை யாரும் பொருட்படுத்தவில்லை, அல்லது பொருட்படுத்தாதவர்களைப் போல நடந்துகொண்டார்கள், எனக்கு இரண்டும் ஒன்றுதான். மறு ஞாயிறு கணவர் நற்கருணை வரிசையில் போய் நின்றார். அத்தை அழவில்லை, பேசவுமில்லை. வீட்டுக்கு வந்ததும் பின்கட்டுக்குப் போய்ப் பாத்திரங்களைத் தேய்க்கத் தொடங்கிவிட்டார்.

அந்த வாரம் நடந்த இன்னொன்றை நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் திருமணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டில் தேங்காய்ப்பால் குழம்பான சொதி வைப்பது வழக்கம்; 2000இல் எங்களுக்கு மறுவீடும் இல்லை, சொதியும் இல்லை. என் அம்மா தேங்காய், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், இஞ்சி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு காலையிலேயே பேருந்தில் வந்து இறங்கி, என்னை அடுப்படிப் பக்கம் வரவிடாமல் தாமே பால் பிழிந்து சொதி வைத்து, இஞ்சிப் பச்சடியும் செய்து, எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துப் பரிமாறினார். அம்மாவும் அத்தையும் அதற்கு முன்பும் சந்தித்திருக்கிறார்கள். ஆனால் அன்று முதல்தான் ஒருவரையொருவர் “மதினி” என்று அழைக்கத் தொடங்கினார்கள். மறு ஆண்டு பனிமய மாதாவின் தங்கத் தேர் இழுத்தபோது (அது ஆண்டுதோறும் இழுக்கப்படும் தேர் அன்று) அத்தை அம்மாவையும் அழைத்தார். கூட்டம் தமக்கு ஒத்துக்கொள்ளாது என்று அம்மா மறுத்துவிட்டார். உறவு கனிந்துவிட்டது என்பதற்காக ஒருவர் எல்லா இடத்துக்கும் வந்துவிட வேண்டும் என்பதில்லையே.

தம்பியோடு உள்ள உறவுதான் பின்னடைந்திருக்கிறது. அப்பாவுக்குரிய கடன்களை அவன் முறையாகச் செய்கிறான். ஆடி அமாவாசைக்குக் குறுக்குத்துறையில் அவன் தர்ப்பணம் செய்யும்போது நானும் போய்ப் படித்துறையில் நிற்பேன். கோயில் திருமணத்துக்குப் பிறகு, இன்னும் எதற்காக வருகிறாய் என்று ஒருமுறை கேட்டான். நான் எங்கும் போய்விடவில்லை என்று பதில் சொன்னேன். அதன்பின் பண்டிகை நாட்களில் மட்டும் பேசிக்கொள்கிறோம். அவனுடைய மனைவி இடையில் நின்று இரு பக்கமும் நல்லவளாக இருக்கப் படும் பாட்டைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மகள் திருமுழுக்குப் பெறவில்லை, சிவ தீட்சையும் பெறவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கிறாள். தனக்கு இரண்டும் வேண்டாம் என்கிறாள், ஆனால் ஊருக்கு வந்தால் பாட்டி சொல்லும் செபமாலையிலும் பதில் சொல்கிறாள், நான் பாடும் பதிகத்தையும் பிழையில்லாமல் கூடவே பாடுகிறாள். இது நம்பிக்கை இல்லாதவள் செய்யும் காரியமா என்று அத்தை கேட்கிறார். பாட்டிக்காகச் செய்கிறேன் என்று அவள் சொல்கிறாள். அவள் இறந்தால் எந்த இடத்தில் வைப்பார்கள் என்பதுவரை அத்தை கவலைப்படுகிறார், அவளோ அதைக் கேட்டுச் சிரிக்கிறாள். தன் திருமணத்தையும் எங்களைப் போலவே பதிவாளர் அலுவலகத்தில்தான் நடத்துவேன் என்று சென்ற முறை வந்தபோது அறிவித்திருக்கிறாள். மாப்பிள்ளை யார் என்று நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் கேட்டோம். இன்னும் யாரும் இல்லை என்று சொன்னாள். அத்தை அதை நம்பவில்லை, நானும் முழுதாக நம்பவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருகிறாள், அப்போது கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறோம்.