தொப்புள்கொடி ரத்தத்த பேங்க்ல சேத்து வைக்கணுமா? ஏழாம் மாசத்துல வந்த ஒரு கேள்வி

கேள்வி: டாக்டர், எனக்கு இது முதல் பிரசவம், ஏழு மாசம் முடியப் போகுது, ஈரோடு பக்கம் ஊரு. வளைகாப்பு முடிஞ்ச மறுநாளே ஒரு ஸ்டெம்செல் பேங்க்ல இருந்து போன், அப்புறம் வீட்டுக்கே ஒரு ஆள் வந்துட்டார். தொப்புள்கொடி ரத்தத்த எடுத்து ஃப்ரீஸ் பண்ணி வெச்சா எண்பது வியாதிக்கு உதவும், 75 வருஷம் கெடாதுங்கறார். மொத்தம் 65,000, இந்த வாரமே கையெழுத்து போட்டா டிஸ்கவுண்ட்டாம். என் நாத்தனார் பையன் ஆறு வயசுல ரத்தப் புத்துநோய்ல போயிட்டான், அத சொன்னதும் "அப்ப உங்க ஃபேமிலிக்கே ரிஸ்க் இருக்கு, கண்டிப்பா பண்ணணும்"னுட்டார். நாத்தனார் "அன்னைக்கே இத பண்ணிருந்தா எம்புள்ள இருந்திருப்பானே"ன்னு அழுவறாங்க. மாமியார் வளையல அடகு வெச்சாவது கட்டிடலாங்கறாங்க. 5,000 அட்வான்ஸ் குடுத்தாச்சு, மீதிய கட்டலாமா?

பதில்: கட்டாதீங்கம்மா. மாமியார் வளையல் பீரோலயே இருக்கட்டும். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க, வீட்ல எல்லாருக்கும் படிச்சும் காட்டுங்க.

உங்க பயம் ரத்தப் புத்துநோய பத்தி, அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கறேன். குழந்தைங்களுக்கு வர்ற ரத்தப் புத்துநோய் பரம்பரையா இறங்கற வியாதி இல்ல, ரொம்ப அபூர்வமா சில குடும்பங்கள்ல தவிர. நாத்தனார் பையனுக்கு வந்ததால உங்க குழந்தைக்கு ரிஸ்க்னு அந்த ஆள் சொன்னது உங்க துக்கத்த வெச்சு வியாபாரம் பண்றது, எனக்கு கோவம் வர்ற இடமே இதுதான். சரி, ஒரு பேச்சுக்கு வந்துடுச்சுன்னே வெச்சுக்கங்க, அப்பவும் அந்தக் குழந்தையோட சொந்த தொப்புள்கொடி ரத்தத்த அதுக்கே திருப்பி ஏத்த மாட்டோம். ரத்தப் புத்துநோய் வந்த பல குழந்தைங்களுக்கு பிறந்தப்ப குதிகால்ல குத்தி எடுத்து அட்டைல காய வெச்ச ரத்தப்பொட்ட பின்னாடி எடுத்து சோதிச்சுப் பாத்தாங்க, நோய்க்கான அடையாளம் பிறந்த அன்னைக்கே அதுல இருந்துச்சு. 1990-கள்லயே கண்டுபிடிச்ச விஷயம் இது. அப்ப ஃப்ரீஸ் பண்ணி வெச்ச பையிலயும் அதே விதை இருக்கலாம் இல்லையா, அத எடுத்து திரும்ப உடம்புல விடறது எப்படி வைத்தியமாகும். இன்னொன்னு, மாத்து சிகிச்சைல, அதாவது ரத்தம் உண்டாக்கற ஸ்டெம்செல்ல உடம்புல ஏத்தற வைத்தியத்துல, நமக்கு வேண்டியதே வேற ஒருத்தரோட செல்தான், அதுக்குத்தான் மிச்சம் இருக்கற புத்துநோய் செல்ல அந்நியம்னு அடையாளம் கண்டு அடிக்கற தெம்பு இருக்கு, சொந்த செல் அத கண்டுக்காம விட்டுடும். இதுக்கும் மேல, குழந்தைங்களுக்கு அதிகமா வர்ற வகைல பெரும்பாலானவங்களுக்கு மாத்து சிகிச்சையே தேவைப்படறதில்ல, கீமோலயே குணமாயிடறாங்க.

பல வருஷம் முன்னாடி ஒரு தம்பதி என் ரூமுக்கு வந்தாங்க, நாலு வயசுப் பொண்ணு, லுகீமியா, அதாவது ரத்தப் புத்துநோய், முதல் கீமோவுக்கு அப்புறம் நோய் திரும்பிடுச்சு. அந்த அப்பா பைலேர்ந்து ஒரு பளபளப்பான ஃபைல எடுத்து மேஜை மேல வெச்சார், உள்ள தங்க எழுத்துல சர்டிஃபிகேட், அடியில ஒவ்வொரு வருஷமும் கட்டின ரசீது, ஒண்ணு விடாம பின் பண்ணி வெச்சிருக்கார். "நாங்க முன்னாடியே சேத்து வெச்சிட்டோம் சார், ஆரம்பிச்சிடுங்க"ன்னார். இது உன் பொண்ணுக்கு ஆகாதுப்பான்னு நான் சொல்ல வேண்டியிருந்துச்சு. அவர் அந்த ஃபைல மூடி திரும்ப பைக்குள்ள வைக்கறதுக்கு எடுத்துக்கிட்ட நேரம் எனக்கு இன்னும் மறக்கல. பணம் வாங்கறப்ப இந்த ஒரு வரிய அவர்கிட்ட ஒருத்தரும் சொல்லல, இத்தன வருஷம் கழிச்சு உங்ககிட்டயும் சொல்லல.

எண்பது வியாதின்னு நீட்டற பட்டியல் இருக்கே, அது தயார் பண்ண பொய் இல்ல, அதுதான் பிரச்சனை. அந்த வியாதிங்களுக்கு ரத்த ஸ்டெம்செல் மாத்து சிகிச்சை உண்டு, உண்மைதான், ஆனா பெரும்பாலும் அடுத்தவங்க செல் வெச்சுதான். தலசீமியா மாதிரி ஜீன்ல வர்ற வியாதின்னா குழந்தையோட சொந்த கொடி ரத்தத்துலயும் அதே கெட்டுப்போன ஜீன்தான் இருக்கும். 1988-ல பாரிஸ்ல டாக்டர் எலியான் க்ளக்மன் உலகத்துலயே முதல் தடவையா கொடி ரத்தம் ஏத்தி ஒரு சின்னப் பையன காப்பாத்தினாங்க, ஃபான்கோனி அனீமியாங்கற பரம்பரை ரத்த வியாதி. அந்த ரத்தம் யாரோடது? அவனோடது இல்ல, புதுசா பிறந்த அவன் தங்கச்சியோடது. தன்னோட கொடி ரத்தம் தனக்கே உதவற வாய்ப்பு முதல் இருபது வருஷத்துல 2,500 பேர்ல ஒருத்தர்ல இருந்து 2 லட்சம் பேர்ல ஒருத்தர் வரைக்கும்னு ஒரு கணக்கு இருக்கு. இந்திய குழந்தை நல மருத்துவர்கள் சங்கம் 2018-லயே எழுத்துல குடுத்துட்டாங்க, எதிர்காலத்துக்கு இன்சூரன்ஸ்னு நெனச்சு பிரைவேட்ல சேத்து வைக்கறத நாங்க சிபாரிசு பண்ணலன்னு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அதாவது ஐசிஎம்ஆர், அவங்க நிலைப்பாடும் அதேதான். அப்புறம் ஏன் ஸ்கேன் சென்டர் வாசல்ல இந்த பேங்குங்களோட ஸ்டால் இருக்குன்னு கேட்டா, இங்க வழிகாட்டுதல் போடறவங்க ஒரு பக்கம், லைசென்ஸ் குடுக்கறவங்க ஒரு பக்கம், கர்ப்பிணி கைல அந்த வரி போய் சேருதான்னு பாக்க ஆளே இல்ல.

75 வருஷம் கெடாதுங்கறதுக்கு வாங்க. இந்த வைத்தியமே ஆரம்பிச்சது 1988-ல, அப்ப 75 வருஷத்த யார் எப்ப சோதிச்சுப் பாத்தாங்க? 27 வருஷம் ஃப்ரீசர்ல இருந்த ரத்தத்துல செல் நல்லாதான் இருந்துச்சுன்னு 2023-ல ஆய்வு வந்துச்சு, அது நிஜம், அதுக்கு மேல சொல்றது எல்லாம் பிரோஷர் கணக்கு. அதுவும் டேங்க் ஒழுங்கா இருந்தாத்தான், திரவ நைட்ரஜன்ல மைனஸ் 196 டிகிரி. சிங்கப்பூர் மாதிரி கண்டிப்பான ஊர்லயே 2023 நவம்பர்ல ஒரு பிரைவேட் பேங்க்ல டேங்குங்க சரியான குளிர்ல இல்லன்னு சுகாதார அமைச்சகம் கண்டுபிடிச்சு, ஒரே டேங்க்ல சுமார் 2,200 பை கெட்டுப்போச்சுன்னு அறிவிச்சாங்க. வருஷா வருஷம் பணம் கட்டின அம்மா அப்பாவுக்கு அதுவரைக்கும் ஒண்ணும் தெரியாது.

புது ஆராய்ச்சி செய்திய ஃபோன்ல காட்டறது இவங்களோட அடுத்த வேலை, உங்களுக்கும் காட்டுவாங்க. நியூயார்க்ல ஒரு பெண்ணுக்கு கொடி ரத்தத்தால எச்ஐவி போயிடுச்சுன்னு 2022-ல செய்தி வந்துச்சு, உண்மை. ஆனா அந்த ரத்தம் முன்பின் தெரியாத ஒரு குழந்தையோடது, எச்ஐவி உள்ள நுழைய முடியாத ஒரு அபூர்வ ஜீன் மாற்றம் அதுல இருந்துச்சு, அதுக்காகவே தேடி எடுத்தாங்க, உங்க பேங்க் பையோட அதுக்கு ஒரு சம்பந்தமும் இல்ல. ஆட்டிசத்துக்கு உதவும்னு சொல்வாங்க, அமெரிக்கால ட்யூக் யுனிவர்சிட்டில 180 குழந்தைங்கள வெச்சு ஒழுங்கா சோதிச்சு 2020-ல முடிவ வெளியிட்டாங்க, எதிர்பாத்த முன்னேற்றம் வரல. நம்ம தேசிய மருத்துவ ஆணையமும் ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சைய சிபாரிசு பண்ண முடியாதுன்னு 2022-ல சொல்லிடுச்சு. அப்புறம் ஜீன் எடிட்டிங், "நாளைக்கு ஜீன் தெரபிக்கு இந்தப் பைதான் வேணும்"பாங்க. தலசீமியாவுக்கும் சிக்கிள் செல்ங்கற இன்னொரு பரம்பரை ரத்த வியாதிக்கும் காஸ்ஜெவின்னு ஒரு ஜீன் சிகிச்சைக்கு 2023 நவம்பர்ல பிரிட்டன் அனுமதி குடுத்துச்சு, அதுக்கு செல்ல நோயாளியோட இப்போதைய ரத்தத்துல இருந்துதான் எடுக்கறாங்க, தொப்புள்கொடில இருந்து இல்ல.

நிஜமா சொன்னா ஆராய்ச்சி போற திசையே வேற. முன்னல்லாம் முழுப் பொருத்தம் கிடைக்காதவங்களுக்கு கொடி ரத்தம் பெரிய வரம், இப்ப அப்பாவோ அம்மாவோ அண்ணனோ பாதிப் பொருத்தம் இருந்தாலே மாத்து சிகிச்சை பண்ற வழி நல்லா தேறிடுச்சு. 368 பெரியவங்கள வெச்சு அமெரிக்கால ரெண்டையும் ஒப்பிட்டு 2021-ல வந்த ஆய்வுல, ரெண்டு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க பாதிப் பொருத்தத்துல 57 சதவீதம், கொடி ரத்தத்துல 46. கம்யூனிட்டி பேங்க், ஒரு பை குடுத்தா ஆயிரக்கணக்கான பைக்கு பங்குன்னு சொல்ற திட்டத்துக்கும் இதையே யோசிச்சுக்கங்க, வேண்டிய செல் உங்க வீட்டுக்குள்ளயே சோத்த சாப்ட்டுட்டு உக்காந்திருக்கு.

இப்ப ஒரு விதிவிலக்கு, இத மட்டும் நிறுத்தி நிதானமா சொல்லணும், ஏன்னா உங்களுக்கு பொருந்தாட்டியும் படிக்கற வேற யாருக்காவது பொருந்தும். வீட்ல ஏற்கனவே ஒரு குழந்தைக்கு தலசீமியா மேஜர் இருக்கு, மாசாமாசம் ரத்தம் ஏத்திட்டிருக்காங்க, அம்மா மறுபடி கர்ப்பமா இருக்காங்கன்னா கொடி ரத்தத்த கண்டிப்பா எடுத்து வைக்கணும். அண்ணன் பையனுக்கு, நாத்தனார் பையனுக்குன்னு இல்ல, அதே அம்மா அதே அப்பாவோட இன்னொரு குழந்தைக்கு. இதுலயும் கணக்கு எப்படின்னு பாருங்க. அம்மா அப்பா ரெண்டு பேரும் தலசீமியா மைனர், அதாவது கெட்ட ஜீன் ஒண்ணு மட்டும் இருக்கும், வியாதி இருக்காது, இவங்களுக்கு 16 குழந்தை பிறக்குதுன்னு வெச்சுக்குவோம், நாலு குழந்தைக்கு தலசீமியா மேஜரே வந்துடும், அதோட ரத்தம் உதவாது. மீதி 12. அதுல எச்எல்ஏ, அதாவது ஒருத்தர் செல் இன்னொருத்தருக்கு ஒத்துப்போகுமான்னு பாக்கற அடையாளம், முழுசா பொருந்தறது நாலுல ஒண்ணு, ஆக மூணு. 16-ல மூணு, அவ்வளவுதான். அதனால கர்ப்பம் தரிச்ச ஆரம்பத்துலயே, மூணு மாசம் முடியறதுக்குள்ள, வயித்துல இருக்கற குழந்தைக்கு தலசீமியா டெஸ்ட் பண்ணணும். புதுக் குழந்தைக்கு மைனர்னா பரவால்ல, மைனர் குடுக்கலாம், இத தெரியாமயே நிறைய பேர் வேணாம்னு விட்டுடறாங்க. பையில செல் போதாம போனா குழந்தை கொஞ்சம் வளந்ததும் அதோட எலும்பு மஜ்ஜையும் சேத்து எடுத்துக்கலாம். இதெல்லாம் ஏஜென்ட்கிட்ட பேசற விஷயமே இல்ல, வேலூர் சிஎம்சி மாதிரி மாத்து சிகிச்சை பண்ற இடத்துக்கு நேரா போங்க, அங்க 1986-லேர்ந்து பண்றாங்க. தலசீமியா குழந்தைக்கு மாத்து சிகிச்சைக்குன்னே கோல் இண்டியா நிறுவனம் 10 லட்சம் வரைக்கும் குடுக்கற திட்டம் இருக்கு, அதுக்கு எப்படி அப்ளை பண்றதுன்னு அங்கயே கேளுங்க. அந்தத் திட்டத்த சொல்ல எந்த ஏஜென்ட்டும் வீடு தேடி வர்றதில்ல.

உங்க விஷயத்துக்கு திரும்ப வர்றேன். கொடி ரத்தம் வீணா போற கழிவுன்னு அந்த ஆள் சொல்லிருப்பார், அது கழிவு இல்லம்மா, உங்க குழந்தையோட ரத்தம். குழந்தை வெளிய வந்ததும் அந்தக் கொடிய பாத்திருந்தா தெரியும், விரல் தடிமன்ல நீலம் பூத்து முறுக்கிட்டு, தொட்டா நாடி துடிக்கும். ரெண்டு மூணு நிமிஷம் சும்மா விட்டா துடிப்பு அடங்கி, வெளுத்து, துவண்டு போயிடும், அதுக்குள்ள நஞ்சுக்கொடில இருந்து 80, 100 மில்லி வரைக்கும் குழந்தைக்குள்ள போயிருக்கும். அந்த ரத்தத்துல இருக்கற இரும்புச்சத்து குழந்தைக்கு பல மாசத்துக்கு உதவும். நம்ம நாட்டுல ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் உள்ள குழந்தைங்கள்ல 67 சதவீதத்துக்கு ரத்தசோகைன்னு 2019-21 தேசிய குடும்பநல சர்வே சொல்லுது. பேங்க் பைய நிரப்ப கொடிய சீக்கிரம் கட் பண்ணினா இந்தப் பங்கு பைக்கு போயிடும், கொடிய விட்டு வெச்சு கட் பண்ணினா பை நிரம்பறது கஷ்டம். குறைஞ்சது ஒரு நிமிஷமாவது கொடிய கட் பண்ணாதீங்கன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. உங்க டாக்டர்கிட்ட இப்பவே சொல்லி வெச்சிடுங்க, குழந்தை நல்லா அழுதா அவசரப்பட்டு கட் பண்ண வேணாம்னு.

இன்னும் ஒண்ணு, கொடி ரத்தம் வேணாம்னதும் "அப்ப கொடித் திசுவாவது வெச்சுக்கங்க", கொஞ்ச நாள் கழிச்சு "பால் பல்லு"ன்னு வருவாங்க. ஐசிஎம்ஆர் 2017 வழிகாட்டுதல்படி கொடி ரத்தம் தவிர வேற எதையும் பேங்க்ல சேக்க அனுமதியே இல்ல, நேரா அதையே சொல்லுங்க.

வளைகாப்பு மறுநாளே உங்க நம்பர் அவங்களுக்கு எப்படி கிடைச்சதுன்னு உங்க ஆஸ்பத்திரிலயும் ஸ்கேன் சென்டர்லயும் கேளுங்க, கூச்சப்படாதீங்க. நோயாளிய அனுப்பறதுக்கு டாக்டர் கமிஷன் வாங்கக் கூடாதுன்னு 2002 மருத்துவ கவுன்சில் விதியிலயே இருக்கு, இருந்தும் நடக்குது, புகார் குடுத்தா பேப்பர் மேல பேப்பர் கேட்டு அலைய விடறாங்க, அதுல களைச்சுப் போயே எல்லாரும் விட்டுடறாங்க. 5,000 அட்வான்ஸுக்கு போன்ல கேட்டா இழுப்பாங்க, மெயில்ல எழுதுங்க, "சேகரிப்பு எதுவும் நடக்கல, ஒப்பந்தத்த ரத்து பண்றோம், பணத்த திருப்பி அனுப்புங்க"ன்னு ரெண்டு வரி போதும், தேதி போட்டு காப்பி வெச்சுக்கங்க. கிட் பாக்ஸ் வீட்ல குடுத்திருந்தா பிரிக்காம திருப்பிடுங்க. தரலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு.

நாத்தனாருக்கு சொல்ல வேண்டியது ஒண்ணு பாக்கி இருக்கு. அன்னைக்கு அவங்க சேத்தே வெச்சிருந்தாலும் அந்தப் பைய அவங்க பையனுக்கு எந்த டாக்டரும் ஏத்திருக்க மாட்டாங்க, ஏத்தவும் கூடாது. அவங்க தவற விட்டது எதுவும் இல்ல. இத போன்ல சொல்லாதீங்க, நேர்ல பக்கத்துல உக்காந்து சொல்லுங்க.