ஆன்லைன் கடை: எந்தப் பொருள் கட்டுபடியாகும்?

கேள்வி: மாதச் சம்பளத்தில் இருக்கிறேன். பத்து மாதச் செலவுக்கான பணம் சேமிப்பில் உள்ளது. வேலையை விடாமல் ஆன்லைனில் ஒரு கடை தொடங்க எண்ணம். மொபைல் கவர், யோகா பாய், நாய் வளர்ப்போருக்கான பொருட்கள் என்று மூன்று யோசனைகள் வைத்திருக்கிறேன். தேடல் அதிகம் இருப்பது மொபைல் கவருக்குத்தான். 500 கவர் மொத்தமாக எடுத்தால் விலையைக் குறைத்துத் தருவதாக வியாபாரி சொல்கிறார். தனிநபர் கடன் போட்டாவது எடுக்கலாமா? எதில் லாபம் நிற்கும்?

பதில்: கடனும் வேண்டாம், 500 கவரும் வேண்டாம். முதலில் சேமிப்பைப் பிரித்துவிடுங்கள். ஆறு மாதச் செலவுக்கான பணம் வைப்பு நிதி போன்ற தொடாத இடத்தில் இருக்கட்டும். மீதி நான்கு மாதத் தொகைதான் கடைக்கான முதல். அதிலும் நாலில் ஒரு பங்குக்கு மேல் சோதனைக்குச் செலவாகக் கூடாது.

தேடல் அதிகம் என்பதை வைத்து மட்டும் பொருளைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு சொல்லைத் தேடுவது கூடுவதையும் குறைவதையும் கோடாகக் காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் தெரியும் 100 என்பது தேடியவர்களின் எண்ணிக்கை அல்ல. நீங்கள் குறித்த காலத்தில், குறித்த இடத்தில் இருந்த உச்சம்தான் 100. அதனால் 12 மாதத்தை மட்டும் பார்க்காமல் 5 ஆண்டுக் கோட்டைப் பாருங்கள். உடற்பயிற்சிப் பொருட்களுக்கு ஜனவரியில் தேடல் எகிறிவிட்டு அப்புறம் இறங்கும். அந்த ஏற்றத்தைப் பார்த்துச் சரக்கு எடுத்தவர் மார்ச்சில் மாட்டிக்கொள்வார். விளம்பரம் கொடுப்பவர்களுக்கான கூகுள் கருவியான கீவேர்டு பிளானரில் ‘போட்டி’ என்று வருவதும் விளம்பரம் கொடுப்பவர்களுக்குள் இருக்கும் போட்டியே. இலவசத் தேடலில் மேலே வருவது எவ்வளவு கஷ்டம் என்பதை அது சொல்லாது. உங்களுக்கு அங்கே உபயோகமானது, ஒரு கிளிக்குக்கு மற்றவர்கள் கொடுக்கும் ஏலத் தொகை. அதை எழுதி வையுங்கள், கீழே தேவைப்படும்.

இனி ஒரு ஆர்டரின் கணக்கு. வரி நீங்கலான விற்பனை விலை 100 என்று வைத்துக்கொள்வோம். கொள்முதலும் அதைக் கொண்டுவரும் செலவும் 35, கூரியர் 14, பேக்கிங் 3, பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) 2. மிச்சம் 46. பெரும்பாலோர் இங்கேயே கணக்கை மூடிவிட்டு ‘கிட்டத்தட்ட பாதி லாபம்’ என்று சந்தோஷப்படுவார்கள். ரிட்டர்ன் வந்தால்தான் நிலவரம் தெரியும்.

100 ஆர்டரில் 10 திரும்பி வருகிறது என்று கொள்ளுங்கள். நிலைத்த 90 ஆர்டரில் 4,140 கிடைக்கும். திரும்பிய ஒவ்வொன்றுக்கும் போக வரக் கூரியர் 28, பேக்கிங் 3, திரும்பக் கிடைக்காத கேட்வே கட்டணம் 2, ஆக 33 போகும், பத்துக்கு 330. அந்தப் பத்தில் நான்கு மறுபடி விற்க முடியாதபடி வந்தால் இன்னொரு 140. கடைசியில் கையில் நிற்பது 3,670, ஆர்டருக்கு 36.7. இதே கணக்கில் ரிட்டர்ன் 25 ஆனால் ஆர்டருக்கு 22.75தான். விலையும் கொள்முதலும் மாறவில்லை, 46 பாதியாகிவிட்டது. அளவு பார்த்து வாங்கும் உடை, செருப்பு போன்றவற்றில் புதியவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது இதனால்தான்.

அடுத்து விளம்பரம். கடைக்கு வரும் 100 பேரில் 2 பேர் வாங்கினால், ஒரு ஆர்டருக்கு 50 கிளிக் செலவாகிறது. 36.7-ஐ 50-ஆல் வகுத்தால் 0.73. ஒரு கிளிக்குக்கு அதற்கு மேல் கொடுத்தால் ஒவ்வொரு ஆர்டரும் நஷ்டம். முன்பு எழுதி வைத்த ஏலத் தொகையை உங்கள் விற்பனை விலையால் வகுத்து, 100-ஆல் பெருக்கி, இதோடு ஒப்பிடுங்கள். ஏலம் 1.20 என்றால் அந்தப் பிரிவு உங்களுக்குக் கட்டாது. மற்றவர்களுக்கு மட்டும் எப்படிக் கட்டுகிறது? பெரும்பாலும் அவர்களிடம் வாங்கியவர் திரும்ப வருகிறார். வாங்கிய 100 பேரில் 30 பேர் இன்னொரு முறை வாங்கினாலே உங்கள் 0.73, 0.95 ஆகும். தீர்ந்துபோகும், தேய்ந்துபோகும் பொருளுக்கு இருக்கும் மதிப்பு இங்கேதான்.

இப்போது உங்கள் மூன்று யோசனைகள். மொபைல் கவரில் 10 மாடல், மாடலுக்கு 5 நிறம் என்று பிரித்தாலே 500 கவர் என்பது வகைக்குப் பத்துதான். ஓடுகிற நிறம் சீக்கிரம் தீரும், ஓடாதது அப்படியே கிடக்கும். புதிய மாடலில் கேமரா இடம் கொஞ்சம் நகர்ந்தாலும் பழைய கவர் பொருந்தாது. மொத்த வியாபாரி தரும் தள்ளுபடி, அவரிடம் தேங்கப்போகும் சரக்கை உங்கள் வீட்டுக்கு மாற்றுவதற்கான கூலி என்றே நினைத்துக்கொள்ளலாம்.

யோகா பாயின் சிக்கல் கூரியரில். பாயின் எடை ஒரு கிலோ இருக்கலாம். ஆனால் கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கிப் பெரும்பாலும் 5,000-ஆல் வகுத்து, அந்தக் கன அளவு எடைக்கும் உண்மை எடைக்கும் எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடும். சுருட்டிய பாயின் பெட்டி 63 × 13 × 13 என்றால் 2.13 கிலோ. ஒரு கிலோ பொருளுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் கட்டணம். திரும்பி வந்தால் மறுபடியும் அதே.

நாய்ப் பொருட்கள் என்பது மிகப் பரந்த பிரிவு, அப்படியே இறங்கினால் பெரிய கடைகளின் விலையோடு மோத வேண்டியிருக்கும். குறுக்கிக்கொள்ளுங்கள்: வயதான நாய்களுக்கான பொருட்கள். வழவழப்பான தரையில் கால் வழுக்கும் நாய்க்கான பிடிமானச் சாக்ஸ், பின்னங்காலைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை. இரண்டும் சிறியவை, எடை குறைந்தவை. சாக்ஸ் தேய்ந்துபோவதால் மறுபடி வாங்குவார்கள். மூட்டுவலி மாத்திரை, பொடி பக்கம் இப்போது போகாதீர்கள், அனுமதி, பரிசோதனை என்று வேறு செலவுகள் வரும். மெத்தை வேண்டாம், யோகா பாயின் கதைதான்.

சாக்ஸில் ரிட்டர்ன் வருவது அளவால். நாயை ஒரு தாளின் மேல் நிற்க வைத்து, எடை பாதத்தில் இறங்கியிருக்கும்போது பாதத்தின் இரு ஓரத்திலும் கோடு போட்டு அளக்கச் சொல்லுங்கள். தூக்கிப் பிடித்து அளந்தால் பாதம் குறுகலாகத் தெரியும், சின்ன அளவை வாங்கித் திருப்பி அனுப்புவார்கள். இப்படி அளப்பதைக் காட்டும் படம் விலைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், பக்கத்தின் அடியில் ஒளிந்திருந்தால் யாரும் பார்ப்பதில்லை. போட்டியாளர்களின் இரண்டு, மூன்று நட்சத்திர விமர்சனங்களையும் உட்கார்ந்து படியுங்கள். ‘நடக்கும்போது சுழன்றுகொள்கிறது’, ‘ஒரு வாரத்தில் ரப்பர் உரிந்தது’ என்று ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால், வியாபாரியிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்துவிடும். போட்டியே இல்லாத பொருள் கிடைத்துவிட்டதாகத் துள்ள வேண்டாம். அநேகமாக வாங்க ஆளில்லை என்றுதான் அர்த்தம்.

சோதனைக்கு 40 ஜோடி சாக்ஸ் போதும், இரண்டே அளவுகளில். கையில் இல்லாத சரக்குக்கு முன்பணம் வாங்காதீர்கள். விளம்பரம் கொடுத்து 100 பேர் வந்து ஒருவரும் வாங்கவில்லை என்று மூடிவிடவும் வேண்டாம். உண்மையில் 2 சதவீதம் பேர் வாங்கக்கூடிய கடையிலும், முதல் 100 பேரில் ஒருவரும் வாங்காமல் போக 13 சதவீத வாய்ப்பு உண்டு. 300 பேர் வந்தும் ஒரு ஆர்டர்கூட இல்லையென்றால் வாங்குபவர் விகிதம் 1 சதவீதத்துக்கும் கீழே என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். அங்கே நிறுத்துங்கள். இந்த 300 என்ற எல்லையை விளம்பரம் தொடங்குவதற்கு முன்பே எழுதி வையுங்கள், பணம் போட்டபின் ‘இன்னும் 100 பேர் பார்ப்போமே’ என்றுதான் மனசு சொல்லும்.

சோதனை தேறினால் இரண்டாவது ஆர்டரைத் தேதி பார்த்துப் போடுங்கள். சரக்கு வர 30 நாள், விற்ற பணம் உங்கள் கணக்குக்கு வர 10 நாள் என்றால், குறைந்தது 40 நாள் விற்பனைக்கான பணம் எப்போதும் வெளியே நிற்கும். நாளுக்கு ஒரு ஜோடி போகிறது என்றால் கையிருப்பு 30-க்கு வரும்போதே ஆர்டர் போட வேண்டும், அதற்கான பணமும் அன்றைக்குக் கையில் இருக்க வேண்டும். நன்றாக ஓடும் கடைகள்கூட இந்த இடத்தில்தான் கடனுக்குப் போகின்றன. அதனால் முதல் ஆறு மாதம் லாபத்தை வீட்டுச் செலவுக்கு எடுக்காமல் சரக்குக் கணக்கிலேயே விட்டு வையுங்கள். கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு இருந்தால் இது சுலபம்.